வெப்பமண்டலக் கடலில் இரவு விருந்து: சூட் எடுத்துப்போவதா, விட்டுப்போவதா?

பெட்டி கட்டும்போது கடைசிவரை கட்டிலில் கிடப்பது கோட்தான். உள்ளே வைப்போம், கனக்கிறதே என்று எடுப்போம், ஒருவேளை தேவைப்பட்டால் என்று மறுபடி வைப்போம். பெண்களுக்கு அந்த இடத்தில் தரை தொடும் கவுனும் ஹீல்ஸும். வெப்பமண்டலக் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணம் என்றால் பகலுக்கு எதை எடுப்பது என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் வருவதில்லை. நீச்சலுடை, தொப்பி, நாலு மெல்லிய சட்டை, செருப்பு, அவ்வளவுதான். குழப்பமெல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல். வெளியே உடம்போடு ஒட்டும் காற்று. உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, வரிசையாக முட்கரண்டிகள், வாசலில் நின்று வரவேற்கும் ஊழியர். அங்கே எதை உடுத்திக்கொண்டு போவது?

மூன்று வழிகள் இருக்கின்றன. முழு ஃபார்மல் உடையை எடுத்துப்போவது ஒன்று. ஒரே ஒரு நல்ல கோட்டை, அல்லது ஒரே ஒரு நல்ல உடையை வைத்துக்கொண்டு ஏழு இரவையும் சமாளிப்பது இன்னொன்று. அலங்கார உடையில் வரச் சொல்லும் 'ஃபார்மல்' இரவுகளில் பெரிய டைனிங் ரூம் பக்கமே போகாமல் பஃபேயில் சாப்பிட்டுக்கொள்வது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு பயணங்களில் செய்து பார்த்துவிட்டேன். பெரும்பாலானவர்களுக்கு நடுவில் உள்ளதைத்தான் சொல்வேன். ஆனால் சில கப்பல்களில் அந்தப் பதில் தப்பாகிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எந்தக் கப்பல்?

எந்தக் கடலில் போகிறோம் என்பதைவிட, யாருடைய கப்பலில் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இரவு உடை அமைகிறது. கரீபியனில் ஒரே துறைமுகத்தில் பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு கப்பல்களில் வழக்கம் நேரெதிராக இருக்கும். ஒரு பக்கம் குனார்ட் நிறுவனத்தின் கப்பல். அங்கே 'காலா' மாலை என்று அறிவித்துவிட்டால் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது கறுத்த சூட், கழுத்தில் டை. பெண்களுக்கு கவுன் அல்லது அதற்கு ஈடான உடை. தங்கள் நாட்டு மரபு உடையில் வந்தாலும் அதை ஃபார்மலாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு பஃபே போன்ற சில இடங்கள் மட்டும் திறந்திருக்கும். மற்ற இரவுகளிலும் அங்கே யாரும் ஏனோதானோ என்று உடுத்தி வருவதில்லை.

இன்னொரு பக்கம் நார்வீஜியன் நிறுவனத்தின் கப்பல். 2000-ஆம் ஆண்டிலிருந்தே 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில், ஃபார்மல் இரவு என்ற கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். அலங்கரித்துக்கொண்டு வர ஆசைப்படுபவர்கள் வரலாம், மற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. செலிப்ரிட்டி 2015-இல் பழைய ஃபார்மல் இரவைக் கைவிட்டு 'ஈவினிங் சிக்' என்று மாற்றியது. அங்கே பிளேசர் போட்டால் நல்லது, போடாவிட்டாலும் குற்றமில்லை. கார்னிவலில் சாதாரண உடைக்கு 'குரூஸ் கேஷுவல்', சற்று அலங்காரமான உடைக்கு 'குரூஸ் எலிகன்ட்' என்று இரண்டே வகை. இரண்டு முதல் ஐந்து நாள் பயணத்தில் ஓர் இரவும், ஆறு நாளோ அதற்கு மேலோ என்றால் இரண்டு இரவும் எலிகன்ட். ராயல் கரீபியன், பிரின்சஸ் கப்பல்களிலும் ஒரு வாரப் பயணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு ஃபார்மல் இரவுகள் வரும். வெர்ஜின் கப்பல்களில் உடை விதியே கிடையாது. 'ஸ்கார்லெட் நைட்' அன்று மட்டும் கப்பல் முழுக்கச் சிவப்பு. சிவப்பில் ஒரு துண்டுத் துணியாவது எடுத்துப்போகாதவர்கள் அன்று இரவு வருத்தப்படுவார்கள்.

விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அதனால் முன்பதிவு செய்த கையோடு அந்தக் கப்பலின் உடை விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். ஃபார்மல் இரவு எந்தக் கிழமையில் வருகிறது என்பதை அதைவிட முக்கியமாகப் பாருங்கள். பொதுவாகக் கப்பல் எந்தக் கரையிலும் ஒதுங்காமல் நாள் முழுக்கக் கடலில் போகும் நாளில்தான் அதை வைப்பார்கள், அன்று எல்லாருக்கும் குளித்துத் தயாராக நேரம் இருக்கும் என்பதால். ஏழு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டாவது இரவே அது வந்துவிடும்.

ஒரே மாலையில் இரண்டு பருவம்

முதல்முறை போகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. வெப்பமண்டலப் பயணம் என்றதும் மெல்லிய துணியாகவே பெட்டியை நிரப்புகிறோம். ஆனால் டைனிங் ரூமில் ஏசி நன்றாகவே குளிரும். நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து சூடான உணவு சாப்பிடும் இடம். அந்தக் கூட்டத்துக்கும் சமையற்கட்டுச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் குளிர வைக்கிறார்கள். நேர் மேலே காற்று வரும் துவாரம் இருக்கிற மேசை கிடைத்துவிட்டால் சூப் ஆறுவதற்குள் தோள் சில்லிட்டுவிடும். ஒரு பயணத்தில் பக்கத்து மேசையில் கையில்லாத உடையில் வந்திருந்த ஒரு பெண்மணி, மடியில் விரிக்கக் கொடுத்த நாப்கினைத் தோளில் போர்த்திக்கொண்டு சாப்பிட்டார். அவருடைய உடை அந்த அறையிலேயே அழகானது. ஆனால் இரண்டாவது பதார்த்தம் வருவதற்குள் கணவரிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்து மேல்தளத்துக்குப் போகக் கதவைத் திறந்தால் அடுத்த பருவம். கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த நொடியே தெரியும், இரண்டு கண்ணாடியிலும் ஆவி படிந்து எதிரே ஒன்றும் தெரியாது. ஏசியில் இருந்த கேமராவுக்கும் அதே கதி. இரவு ஒன்பது மணிக்கும் காற்றில் அவ்வளவு ஈரம். ஒரே உடை இந்த இரண்டு இடத்துக்கும் தாங்க வேண்டும். சட்டென்று கழற்றக்கூடிய ஒன்று மேலே, கழற்றிய பிறகும் பார்க்க நன்றாக இருக்கும் ஒன்று உள்ளே. இதை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று வழிகளில் எது நமக்கு என்பது பாதி தெளிந்துவிடும்.

முழு ஃபார்மல்

இதை எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஃபார்மல் இரவில் நடுக்கூடத்தின் படிக்கட்டில் எல்லாரும் பளிச்சென்று இறங்கி வருவதும், புகைப்படக்காரர் முன்னால் வயதான தம்பதி ஒருவருக்கொருவர் டையையும் சங்கிலியையும் சரிசெய்துகொள்வதும் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். திருமண நாளோ, பணி ஓய்வோ, குடும்பமே சேர்ந்து போகும் பயணமோ என்றால் அந்த ஒரு படத்துக்காகவே சூட்டைச் சுமக்கலாம்.

ஆனால் எந்த சூட் என்பதில் கவனம் வேண்டும். முதல் பயணத்துக்கு நான் கொண்டுபோனது குளிர்காலத்துக்கென்று தைத்த, முழு லைனிங் வைத்த கறுப்பு சூட். டைனிங் ரூமில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மேல்தளத்தில் இசை நிகழ்ச்சிக்குப் போனோம். பத்து நிமிடத்தில் முதுகில் சட்டை ஒட்டியது, அரை மணியில் லைனிங்கும் சட்டையோடு சேர்ந்து ஒட்டியது. கழற்றிக் கையில் போட்டுக்கொள்ளலாம் என்றால் உள்ளே சட்டை முழுக்க ஈரம். நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுக் கேபினுக்குத் திரும்பினேன். அன்றைய கடைசிப் பாட்டுக்கு எழுந்த கைத்தட்டல் கேபின்வரை கேட்டது.

அன்று எனக்குத் தொல்லை கொடுத்தது கம்பளித் துணியைவிட உள்ளே இருந்த பாலியெஸ்டர் லைனிங்தான். சாதாரண அறைக் காற்றில் நூறு கிராம் காய்ந்த பருத்தி ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். லினன் 12 கிராம். கம்பளி 16 வரைகூடப் போகும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. அதனால் வியர்வை துணிக்குள் போக வழியில்லாமல் தோலிலேயே நிற்கிறது. வெப்பமண்டலத்துக்கென்று சூட் எடுப்பதாக இருந்தால், முறுக்கேற்றிய நூலில் இடைவெளிவிட்டு நெய்த மெல்லிய கம்பளியைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துணி வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். முதுகுப் பக்கம் லைனிங் இல்லாமல் தைத்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு முன்பே பலருக்கும் இருந்திருக்கிறது. வெப்ப நாடுகளில் அணிவதற்கென்றே 1930-களில் கறுப்புக்குப் பதில் வெள்ளை, தந்த நிற டின்னர் ஜாக்கெட் புழக்கத்துக்கு வந்தது. அதற்கும் முன்பே செங்கடல் பக்கம் போன பிரிட்டிஷ் கடற்படையினர் ஜாக்கெட்டையே விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், இடுப்பில் அகலமான துணிப்பட்டை என்று விருந்துக்கு உட்கார்ந்தார்கள். அந்த உடைக்கே 'ரெட் சீ ரிக்' என்று பெயர். அந்த இடுப்புப் பட்டைதான் இன்றைய கம்மர்பண்ட். பாரசீகத்தின் 'கமர்பந்த்', அதாவது இடுப்புக்கட்டு. வெயில் ஊரில் மரியாதையாக உடுத்த வேண்டும், வெந்து போகவும் கூடாது என்று யோசித்தவர்கள் கண்டுபிடித்த வழிகள் இவை. தந்த நிற ஜாக்கெட் கையில் இருந்தால் வெப்பமண்டலக் கப்பலைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடைக்காது.

முழு ஃபார்மலின் மற்ற செலவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூட்டுக்கென்று தனி ஷூ, அதற்கு பெல்ட், டை. கவுனுக்கென்று தனி உள்ளாடை, ஹீல்ஸ், சின்னக் கைப்பை. பெட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரண்டே இரவுக்காகப் போய்விடும். விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்களுக்கு இது பெரிய கணக்கு.

பஃபேக்குப் போய்விடுவது

இதில் சொல்ல அதிகமில்லை. வேலை குறைவு, மனம் லேசு. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், நாள் முழுக்க நீச்சலும் தீவுச் சுற்றலுமாக அசந்து போகிறவர்களுக்கும் இதுவே நல்லது. இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஷார்ட்ஸோடு போகலாம், ஈர நீச்சலுடையோடும் வெறுங்காலோடும் மட்டும் போக முடியாது.

எனக்கு இதில் குறையாகத் தெரிந்தது ஒன்றுதான். ஏழு இரவும் அங்கேயே சாப்பிட்டால் காலை, மதியம், இரவு எல்லாம் ஒரே இடம் ஆகிவிடுகிறது. டைனிங் ரூமில் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் என்று அமைந்தால் மூன்றாவது நாளே அவருக்கு நம் பெயரும், நமக்கு எது பிடிக்காது என்பதும் தெரிந்திருக்கும். கப்பல் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. ஒரு கோட்டுக்குப் பயந்து அதை இழக்க வேண்டுமா என்று யோசித்துத்தான் நடுவழிக்கு வந்தேன்.

நடுவழி

ஆண்களுக்கு இவ்வளவுதான்: கருநீலத்தில் லைனிங் குறைந்த ஒரு பிளேசர், கருஞ்சாம்பலில் ஒரு பேன்ட், பழுப்பில் இன்னொரு பேன்ட், காலர் வைத்த நாலு சட்டை, ஒரு டை, ஒரே ஷூ. ஃபார்மல் இரவில் பிளேசர், சாம்பல் பேன்ட், வெள்ளைச் சட்டை, டை. அடுத்த நாள் டை இல்லாமல் பழுப்பு பேன்ட். மூன்றாம் நாள் பிளேசரே இல்லாமல் முழுக்கைச் சட்டை, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு. பிளேசர் போதும் என்று சொல்லும் கப்பல்கள்தான் இன்று அதிகம். குனார்டின் காலா மாலைக்கு மட்டும் இது போதாது.

கரீபியன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: குவாயபேரா. முன்னால் இரண்டு வரிசை மெல்லிய மடிப்புத் தையலும் நாலு பையும் வைத்த, பேன்டுக்குள் செருகாமல் வெளியே விட்டே அணியும் சட்டை. கியூபா அரசு 2010-இல் இதையே தன் அதிகாரிகள் அரசு விழாக்களுக்கு அணிய வேண்டிய உடையாக அறிவித்தது. வெள்ளை லினனில் முழுக்கை குவாயபேரா ஒன்று இருந்தால் ஃபார்மல் அல்லாத எந்த இரவுக்கும் அது போதும். செருகாத சட்டை என்பதால் இடுப்பில் காற்று போகும், வயிற்றைப் பிடிக்காது, சாப்பாட்டுக்கும் வசதி.

பெண்களுக்கு நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்வது, முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒற்றை நிற ஜெர்ஸித் துணி உடை. கறுப்போ கருநீலமோ கரும்பச்சையோ. பின்னல் துணி என்பதால் சுருட்டி வைத்தாலும் கசங்காது. ஒரு நாள் பெரிய கழுத்தணியோடு, இன்னொரு நாள் பளபளக்கும் மேலங்கியோடு, இன்னொரு நாள் அகலமான பெல்ட்டோடு என்று போட்டால் மூன்றும் மூன்று உடையாகத் தெரியும். இன்னொரு அகலமான கறுப்பு பேன்டும் இரண்டு பட்டு மேல்சட்டையும் சேர்த்தால் வாரம் முடிந்துவிடும். சால்வை ஒன்று கட்டாயம். என் மனைவி எடுத்துவரும் சால்வை கைக்குட்டை அளவுக்கு மடிந்து கைப்பைக்குள் போய்விடும்; அதைப் பெட்டியில் வைக்காத பயணம் இல்லை.

காற்றையும் கணக்கில் எடுங்கள். மேல்தளத்தில் காற்று கீழிருந்தும் அடிக்கும். சுற்றி விரியும் மெல்லிய பாவாடையோடு அங்கே நிற்பவர்கள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதே போல ஊசிக் குதிகால். கப்பல் லேசாக ஆடினாலே நடையில் தெரிந்துவிடும். மரப்பலகை வெளித்தளம் என்றால் இடுக்கில் மாட்டவும் செய்யும். அகலமான குதிகாலோ, அலங்காரம் வைத்த தட்டையான செருப்போ போதும். நீண்ட உடைக்குக் கீழே அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

துணிவிஷயத்தில் லினனா, பருத்தியா, ரேயானா என்ற கேள்வி வரும். குளிர்ச்சிக்கு லினனை அடிக்க ஆளில்லை. ஆனால் உட்கார்ந்து எழுந்தாலே மடிப்பு விழும், கேபினில் அதைத் தேய்க்க வழியில்லை. தீ விபத்து அச்சத்தால் இஸ்திரிப் பெட்டி, நீராவிக் கருவி இரண்டையும் பெரும்பாலான கப்பல்கள் பயணிகளின் பெட்டியில் அனுமதிப்பதில்லை. பரிசோதனையில் கண்டால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். சில கப்பல்களில் பொதுச் சலவை அறையில் இஸ்திரி மேசை இருக்கும், பலவற்றில் அதுவும் இருக்காது. அதனால் லினனும் பருத்தியும் கலந்த துணி எனக்குப் பிடிக்கும். சுருக்கம் விழுந்தால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, சட்டையைக் கால் மணி நேரம் தொங்கவிட்டு, ஈரக் கையால் நீவிவிட்டால் போதும். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நாலு எடுத்துப்போனால் மறுநாள் உடையைச் சுவரிலேயே மாட்டி வைக்கலாம். அலமாரி சின்னது, நெருக்கி மாட்டினால் மறுபடி கசங்கும்.

இரண்டு சின்ன விஷயங்கள், இரண்டும் வெயிலால் வருபவை. தீவில் நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்தால் பின்கழுத்து எரியும். அன்று இறுக்கமான காலரும் டையும் தண்டனை, கழுத்தில் முடிச்சுப் போடும் உடையும் அப்படியே. எனவே ஃபார்மல் இரவுக்கு முதல் நாள் கழுத்தை மூடி வையுங்கள். அடுத்தது வெள்ளைச் சட்டை. பல சன்ஸ்கிரீன்களில் உள்ள அவோபென்சோன் என்ற பொருள், துவைக்கும் நீரில் உள்ள இரும்போடு சேர்ந்தால் காலரில் துரு நிறக் கறை விழும். பிளீச் போட்டால் இன்னும் மோசமாகும். குளித்துச் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகே வெள்ளைச் சட்டையைத் தொடுங்கள்.

ராணுவச் சீருடை போலத் திட்டுத் திட்டாக அச்சிட்ட (கேமஃப்ளாஜ்) ஷார்ட்ஸோ சட்டையோ பெட்டியில் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா, டிரினிடாட் போன்ற இடங்களில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

இனி கட்டிலில் கிடக்கும் அந்தக் கோட். அதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். கப்பலில் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். கேபினுக்கு வந்து சேர மாலையாகிவிடும், சில சமயம் முதல் இரவு உணவு நேரமே தாண்டிவிடும். விமானத்தில் பெட்டி தொலைந்தால் கப்பல் அதற்காகக் காத்திருக்காது. கோட் தோளிலும், ஒரு நல்ல சட்டையும் சால்வையும் கைப்பையிலும் இருந்தால் பெட்டி எப்போது வந்தாலும் முதல் இரவுக்குக் கவலையில்லாமல் மேசைக்குப் போகலாம்.